சீக்குக் கோழியும் முதல் கேள்வியும்

கொல்லையில் ஒரு கோழி சிறகைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் தூங்கி விழுந்தால், ஈப்போவிலும் சரி, சுங்கை சிப்புட்டிலும் சரி, வேலிக்கு அப்பாலிருந்து வரும் முதல் கேள்வி "என்ன மருந்து குடுத்தீங்க?" என்பதாகத்தான் இருக்கும். மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டி ஊட்டச் சொல்வார் ஒருவர். தீவனக் கடையில் பொட்டலமாக விற்கும் தூளைத் தண்ணீரில் கரைத்து வைக்கச் சொல்வார் இன்னொருவர். "சாகறதுக்குள்ள அறுத்துடுங்க" என்பார் மூன்றாமவர். மூன்று யோசனைக்கும் பின்னால் அனுபவம் இருக்கிறது. எப்போதோ எங்கோ மூன்றுமே பலித்திருக்கவும் கூடும். ஆனால் மூன்றும் இரண்டாவது கேள்விக்கான பதில்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: இது இந்த ஒரு கோழிக்கு மட்டும் வந்த துன்பமா, அல்லது கூட்டம் முழுவதற்கும் வந்துகொண்டிருக்கும் நோய் முதலில் இதனிடம் தெரிகிறதா? காயம், முட்டை அடைப்பு, தீனிப்பை அடைப்பு போன்றவை முதல் வகை. வெள்ளைக் கழிச்சல், பறவைக் காய்ச்சல் போன்றவை இரண்டாம் வகை. முதல் வகையில் வீட்டுப் பராமரிப்பு வியக்கத்தக்க அளவு பலன் தரும். இரண்டாம் வகையில் அதே பராமரிப்பு நோயைப் பரப்பும் வழியாகவே மாறிவிடலாம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே கோழி வைத்தியத்தின் பெரும்பகுதி என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

பேராக்கில் இந்தப் பிரிப்பு முன்னைவிட இன்று அவசரமானது. 1877-இல் கோலகங்சாரில் நட்ட ஒரு சில பால்மரக் கன்றுகளோடு இந்த மாநிலத்தின் ரப்பர் வரலாறு தொடங்குகிறது. பின்னர் எழுந்த தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, பின்கட்டில் மேய்ந்த நாட்டுக்கோழி சம்பளத்துக்கு வெளியே இருந்த சிறு சேமிப்பு. பிள்ளைகளுக்கு முட்டை, விருந்தாளிக்குக் குழம்பு, முனியாண்டிக்குப் படையல் எல்லாம் அதிலிருந்தே வந்தன. காலையில் திறந்துவிட்டால் மரத்தடிகளில் கிளறித் திரிந்து மாலையில் திரும்பும். நோய் வராமல் இல்லை. ஆனால் எச்சமும் கிருமியும் விரிந்த நிலத்தில் சிதறிக் கிடந்தன, வெயிலில் காய்ந்தன. பிறகு பால்மரம் செம்பனைக்கு வழிவிட்டது. பல தோட்டங்கள் கைமாறித் துண்டாகி வீடமைப்பு நிலங்களாயின. குடும்பங்கள் தாமான்களுக்கும் நகர ஓரங்களுக்கும் வந்தன. கோழிகளும் கூடவே வந்தன. தோட்டத்தில் ஏக்கர் கணக்கில் மேய்ந்த அதே பத்துக் கோழி இப்போது சமையலறைச் சுவருக்கும் பின்சாக்கடைக்கும் நடுவில் நிற்கிறது. பக்கத்து வீட்டுக் கூண்டு பத்தடி தூரத்தில் இருக்கிறது. ஒரு கோழியின் நோய் கூட்டத்தின் நோயாவதற்கும், கூட்டத்தின் நோய் தெருவின் நோயாவதற்கும் இடையிலிருந்த தூரம் சுருங்கிவிட்டது.

பிரித்தறிவது எளிதல்ல, ஏனென்றால் கோழி தன் நோயை மறைக்கும் பிராணி. அதன் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. 2020-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, வீட்டுக்கோழியின் பிறப்பைத் தென்மேற்குச் சீனா, வடக்குத் தாய்லாந்து, மியன்மார் வட்டாரத்துக் காட்டுக்கோழிக் கிளையினம் ஒன்றோடு இணைத்தது. மலாயாத் தீபகற்பத்துக் காடுகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் இன்றும் திரிவது அதே கிளையினம்தான். பருந்தும் மரநாயும் மலைப்பாம்பும் தேடும் அந்தப் பறவைகளில் நலிந்தது எது என்று வெளியே தெரிந்தால், முதலில் பிடிபடுவது அதுவே. ஆகவே தாங்க முடிகிற வரை நிமிர்ந்து நிற்பதும் மற்றவற்றோடு சேர்ந்து கொத்துவதும் அவற்றின் இயல்பில் ஊறிய தற்காப்பு. சில ஆயிரம் ஆண்டு வீட்டு வாழ்க்கை அதை அழித்துவிடவில்லை. "நேத்துகூட நல்லா இருந்துச்சு" என்று வளர்ப்பவர் சொல்வது பொய்யல்ல. நேற்று அது நன்றாக நடித்தது, அவ்வளவுதான். கோழி வெளிப்படையாகத் தூங்கி விழும்போது நோய் தொடங்கிச் சில நாளாவது ஆகியிருக்கும். அதனால் முதல் கேள்விக்கான விடையைத் தேடுவது கோழி நன்றாக இருக்கும் நாட்களிலேயே தொடங்கியாக வேண்டும்.

தேடுவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. கையும் கண்ணும் போதும். மாலையில் அடையும்போது கழுத்தடியில் உள்ள தீனிப்பை நிறைந்திருக்க வேண்டும். விடியும்போது காலியாகியிருக்க வேண்டும். மாலையில் வெறுமையாக இருந்தால் தின்னவில்லை. காலையிலும் நிறைந்து மெத்தென்று புளித்த வாடை வந்தால் இரை கீழே இறங்கவில்லை. நெஞ்செலும்பின் இருபுறமும் விரலால் தடவினால் சதை தட்டுப்பட வேண்டும். எலும்பு கத்திமுனையாகக் குத்தினால் அந்தக் கோழி நேற்று இளைத்ததல்ல, வாரக்கணக்கில் இளைத்துவந்தது. கொண்டை வெளுத்தால் இரத்தக் குறைவையும், நீலம் பாரித்தால் மூச்சு அல்லது இரத்த ஓட்டத் தடையையும் சந்தேகிக்கலாம். எச்சமும் பேசும். பழுப்பின் மேல் வெள்ளைத் தொப்பி இருப்பது இயல்பு. அவ்வப்போது களிபோல் ஒட்டும் கரும்பழுப்பு எச்சம் குருட்டுக்குடலிலிருந்து வருவது, அதுவும் இயல்பே. பச்சையாகக் கழிந்தால் தீனி இல்லாத குடலில் பித்தம் மட்டும் இறங்குகிறது என்று பொருள். இரத்தம் கலந்தால் இரத்தக் கழிச்சல் என்று சந்தேகிக்க வேண்டும். இவற்றை நாள்தோறும் பார்ப்பவருக்கு நோய் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே தெரிந்துவிடும். கோழி வைத்தியத்தில் அந்த இரண்டு மூன்று நாளுக்கு ஈடாக எந்த மருந்தும் இல்லை.

ஆனாலும் ஒரு கோழியின் தோற்றம் மட்டும் முதல் கேள்விக்கு விடை சொல்லிவிடாது. சிறகு தளர்வதும் கண்ணை மூடுவதும் தீனியை வெறுப்பதும் எந்தக் குறிப்பிட்ட நோய்க்கும் உரிய அடையாளமல்ல. கலிபோர்னியாவைச் சேர்ந்த விலங்கு நடத்தை அறிஞர் பெஞ்சமின் ஹார்ட் 1988-இல் முன்வைத்த விளக்கம் இன்று பரவலாக ஏற்கப்படுகிறது: நோயுற்ற விலங்கு சோர்ந்து கிடப்பது கிருமியின் வெற்றி மட்டுமல்ல, உடல் தன் ஆற்றலையெல்லாம் எதிர்ப்புக்கு ஒதுக்கும் ஏற்பாடும்கூட. எந்தக் கிருமியானாலும், பல சமயம் வெறும் வலியானாலும், வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும். எனவே விடை கோழியிடம் பாதி, கூட்டத்திடம் மீதி. எத்தனை கோழி சோர்ந்திருக்கின்றன? எத்தனை நாளில்? கடந்த மூன்று வாரத்தில் சந்தையிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ புதுக் கோழி வந்ததா? பக்கத்தில் எங்காவது கோழி செத்ததா? உடலில் காயமோ வீக்கமோ தெரிகிறதா? ஒரே கோழி, தெரிகிற காரணம், மற்றவை வழக்கம்போல் மேய்கின்றன என்றால் அது ஒற்றைக் கோழியின் துன்பமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காரணம் தெரியாமல் இரண்டு மூன்று நாளுக்குள் இரண்டாவது கோழியும் சோர்ந்தால், வேறு விதமாக நிரூபணமாகும் வரை அதைக் கூட்ட நோய் என்றே கொள்ள வேண்டும்.

கூட்ட நோய்களில் இந்த மண்ணுக்கு மிகப் பழகியது வெள்ளைக் கழிச்சல். உலகம் இதை நியூகாசில் நோய் என்கிறது. இந்தியாவில் 1928-இல் பதிவான ஊரின் பெயரால் ராணிகேத் நோய் என்றும் சொல்வார்கள். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் அருகிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வெடித்தது. மலாயாவில் முதலில் பதிவானது 1934-இல், பேராக்கின் பாரிட் புந்தாரில். கடுமையான வகை வைரஸ், எதிர்ப்புச் சக்தியில்லாத கூட்டத்தில் பத்தில் ஒன்பதைக்கூடக் கொண்டுபோகும். வாயைத் திறந்து மூச்சுவிடுதல், பச்சையோ வெள்ளையோ கலந்த கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் இழுத்தல் ஆகியவை அறிகுறிகள். அறிகுறி தெரிவதற்குச் சராசரியாக ஐந்தாறு நாள் முன்பே கிருமி உள்ளே புகுந்திருக்கும். எச்சம், சளி, தண்ணீர்ப் பாத்திரம், செருப்படி, கூண்டைக் கழுவிய கை என எல்லாமே அதற்குப் பாதை. வந்தபின் குணப்படுத்தும் மருந்து கிடையாது. இங்கே முதல் கேள்வியைத் தவறவிட்டவர் செய்வதைப் பாருங்கள்: சோர்ந்த கோழியைத் தூக்கி, வாயைத் திறந்து மருந்து ஊட்டி, அதே கையால் மற்றவற்றுக்குத் தீனி வைக்கிறார். அவர் அன்பாகச் செய்யும் ஒவ்வொரு வேலையும் வைரஸுக்குச் செய்யும் உதவியாகிவிடுகிறது.

குணப்படுத்த முடியாத நோய்க்கு மலேசியா தந்த பதில் உலகக் கோழி வளர்ப்பு வரலாற்றில் இடம்பெறத்தக்கது. நியூகாசில் தடுப்பு மருந்துகள் முன்பே இருந்தன; ஆனால் அவை பெரிய பண்ணைக்காக உருவானவை. குளிர்பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு குப்பியில் நூறு, ஆயிரம் கோழிக்கான அளவு இருக்கும். கரைத்தால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கும் தோட்டத்து வீட்டுக்கு இது எப்படி ஒத்துவரும்? 1960-களில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், நோயில்லாத கோழிகளிடமிருந்து வி4 என்ற சாதுவான நியூகாசில் வைரஸ் வகை கிடைத்திருந்தது. 1980-களில் குவீன்ஸ்லாந்தின் பீட்டர் ஸ்பிராட்புரோவும் மலேசிய வேளாண் பல்கலைக்கழகத்தின் லத்திப் இப்ராஹிம், ஐனி இடெரிஸ் ஆகியோரும் ஆஸ்திரேலிய அரசின் வேளாண் ஆய்வு மையத்தின் ஆதரவில் கைகோத்தனர். வி4 வைரஸைச் சூட்டுக்கு உள்ளாக்கி, அதில் பிழைத்ததையே தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். இப்படி வெப்பம் தாங்கும் வகை ஒன்று அந்தப் பல்கலைக்கழகம் இருந்த செர்டாங்கில் உருவானது. அதைத் தீவனத்தில் பூசி, கோழியைப் பிடிக்காமலேயே கொடுக்கலாம் என்பது திட்டம். போட்ட கோழியிடமிருந்து பக்கத்துக் கோழிக்கும் அந்தச் சாது வைரஸ் தொற்றிப் பாதுகாப்புத் தரக்கூடும் என்பது கூடுதல் நன்மை.

இந்தக் கதையை வெற்றி முழக்கமாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. பின்னர் பல நாடுகளில் செய்த சோதனைகளில், தீவனத்தில் கலந்த மருந்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலிக்கவில்லை. எந்தத் தானியத்தில் பூசினார்கள், ஒவ்வொரு கோழியும் எவ்வளவு தின்றது என்பதற்கேற்ப முடிவு மாறியது. ஒவ்வொரு கோழியையும் பிடித்துக் கண்ணில் ஒரு சொட்டு விடுவதே நம்பகமான முறை என்று தெரியவந்தது. வி4-இன் வழியில் ஸ்பிராட்புரோ குழு பிறகு உருவாக்கிய ஐ-2 என்ற வகை வியட்நாமிலும் மொசாம்பிக்கிலும் தான்சானியாவிலும் கிராமக் கோழிகளுக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை கண்சொட்டாகப் போகிறது. ஆக, கோழியைப் பிடிக்காமல் காப்பாற்றலாம் என்ற கனவு பாதிதான் பலித்தது. வெப்பம் தாங்கும் மருந்து என்ற கருத்து முழுதாகப் பலித்தது. நம் வாதத்துக்கு இதில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. தடுப்பு மருந்து நோயுற்ற கோழிக்கான சிகிச்சை அல்ல. கிருமி ஏற்கனவே புகுந்த கூட்டத்தில் பதறிப்போய்ப் போட்டால், பாதுகாப்பு உருவாவதற்குள் நோய் முந்திக்கொள்ளும். கூண்டு கூண்டாகப் பிடித்துப் போடும் கையே கிருமியைச் சுமக்கும். கூட்ட நோய்க்கான சிகிச்சையின் காலம், நோய் வராத மாதங்களே.

இனி மூன்றாமவரின் யோசனைக்கு வருவோம்: சாவதற்குள் அறுத்துவிடுவது. இதில் சிக்கன நியாயம் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. நன்றாக வெந்த கறியில் இந்த வைரஸ்கள் பிழைக்காது; 70 பாகை வெப்பமே போதும். ஆபத்து தட்டில் இல்லை. அறுக்கும் கையிலும் பறக்கும் இறகிலும் சிந்தும் இரத்தத்திலும் சாக்கடையில் ஓடும் கழிவுநீரிலும் இருக்கிறது. வெள்ளைக் கழிச்சல் மனிதருக்குக் கண் சிவப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடும். எச்5என்1 பறவைக் காய்ச்சல் அப்படியல்ல. அது 2004-இல் கிளந்தானிலும் 2006-இல் பேராக் உட்பட மேற்குக் கரையிலும் கோழிகளிடம் வந்து, கூட்டம் கூட்டமாக அழித்தே அடக்கப்பட்டது. கம்போடியாவில் 2023 முதல் மனிதரிடம் கண்ட தொற்றுகளில் பெரும்பாலானவை, வீட்டில் சீக்கான அல்லது செத்த கோழியைக் கையாண்டவர்களுக்கு வந்தவை. அறுக்காமல் விற்றுவிடுவது இதைவிடப் பெரிய தீங்கு. கிராமக் கோழிகளிடையே நியூகாசில் ஊர்விட்டு ஊர் போகும் முக்கிய வழியே, சோர்வு தென்பட்டவுடன் அவசரமாகச் சந்தைக்குப் போகும் கோழிதான்.

பிராணி விற்பனை நோயை எப்படி நகர்த்தும் என்பதற்கும், தவறாகப் பிரித்தறிவதன் விலை என்ன என்பதற்கும் ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா வட்டாரமே சாட்சி. 1998 செப்டம்பர் முதல் இங்கே பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் எண்ணி, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். ஆனால் கொசு எல்லோரையும் கடிக்க, நோய் பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்களையே தேடிப் பிடித்தது. தடுப்பூசி போட்டவர்களையும் விடவில்லை. இதற்கிடையில் பன்றிகள் தெற்கே விலைபோக, அவற்றோடு நோய் நெகிரி செம்பிலானுக்குப் போனது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் அது முற்றிலும் புதிய வைரஸ் என்று கண்டார், அதுவே நிப்பா. நோய் அடங்குவதற்குள் 265 பேருக்கு அது வந்து 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. கொல்லைக் கோழி நிப்பா அல்ல என்பது உண்மை. ஆனால் யாருக்கு வருகிறது, எத்தனை பேருக்கு வருகிறது, எதைத் தொட்டவருக்கு வருகிறது என்ற எளிய கேள்விகளுக்கு முன்னால் சிகிச்சை ஓடக் கூடாது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

ஒற்றைக் கோழியின் துன்பம் என்று தெளிவான பிறகு நிலைமை தலைகீழாகிறது; இப்போது வீட்டுக்காரர் செய்யக்கூடியது நிறைய. நாயோ உடும்போ கடித்துத் தோல் கிழிந்த கோழி பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும் வாய்ப்புள்ள நோயாளி. கோழிச் சதை விரைவாகக் கூடும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு கரைத்தால் அது உடல்நீரின் உப்பளவுக்கு ஒத்துப்போகும். அதைத் தாராளமாகப் பாய்ச்சி மண்ணையும் இறகையும் அகற்றுவதே காயத்துக்கான முதல் மருந்து. நம் வெப்பத்தில் இரண்டாவது எதிரி ஈ. காயத்தில் இட்ட முட்டை ஒரே நாளில் புழுவாகும் என்பதால் கோழியை ஈ புகாத வலைக்குள் வைப்பது களிம்பைவிட அவசரமானது. பிடிக்கும் விதத்திலும் உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும். கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்து, ஒன்பது காற்றுப்பைகளைத் துருத்தி போல இயக்கினால்தான் நுரையீரலில் காற்று ஓடும். நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் கண்முன்னே மூச்சடைத்துச் சாகும். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதிலும் அதே ஆபத்து உண்டு. மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருப்பதால், ஊற்றும் நீர் நுரையீரலுக்குப் போய்விடலாம். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்து, அதுவே விழுங்க விடுவதுதான் முறை.

இந்தப் பராமரிப்பில் வெளிநாட்டு நூல்களை அப்படியே பின்பற்றுவதும் ஒரு பிழை. குளிர்நாட்டு நூல்கள் பலவும் சீக்குக் கோழிக்கு வெப்ப விளக்கு வைக்கச் சொல்கின்றன. கோழியின் இயல்பான உடல்வெப்பம் 41 பாகையைத் தாண்டுவது. நோயில் அதைக் காக்க ஆற்றல் செலவாகும் என்பது சரியே. ஆனால் பகலில் 33 பாகையைத் தொடும் ஈப்போவில், தகரக் கூரைக்கடியில் விளக்கையும் சேர்த்தால் சீக்குக்கு முன் வெப்பமே கொன்றுவிடும். வியர்வைச் சுரப்பியில்லாத கோழிக்கு மூச்சிரைப்பே வெப்பத்தைத் தணிக்கும் முக்கிய வழி. காற்று ஈரமாக இருக்கும்போது அதுவும் சரிவரப் பலிக்காது. இங்கே தேவைப்படுவது பகலில் நிழலும் காற்றோட்டமும் குளிர்ந்த நீரும்; மழை நனைத்த இரவில் மட்டும் காய்ந்த படுக்கையும் காற்று நேரே அடிக்காத மூலையும். தனியே வைப்பதிலும் நிதானம் வேண்டும். நார்வேயின் தோர்லைஃப் ஷெல்டெருப்-எபே 1920-களின் தொடக்கத்தில் விவரித்த கொத்தும் வரிசை ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டு. காயத்தின் சிவப்பு மற்றவற்றைக் கொத்தத் தூண்டும் என்பதால் பிரிப்பது கட்டாயம். ஆனால் கண்ணுக்கே தெரியாமல் இரண்டு வாரம் பிரித்துவிட்டால், திரும்பி வரும் கோழி தன் இடத்தை இழந்து புதிதாக வந்தது போல அடிவாங்கும். காயப்பட்ட கோழிக்கு வலைத்தடுப்புக்கு இப்பால் இடம் கொடுத்தால் போதும். தொற்று என்ற சந்தேகம் இருந்தால் மட்டுமே தூரத்தில் வைக்க வேண்டும். இங்கும் முதல் கேள்வியே வழிகாட்டுகிறது.

"கோழிக்கு என்ன வலி தெரியப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு 2000-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சோதனை பதில் சொல்கிறது. நொண்டும் கறிக்கோழிகளுக்கும் நலமானவற்றுக்கும் இரண்டு தீவனம் வைத்தார்கள். ஒன்றில் கார்புரோபென் என்ற வலிநிவாரணி கலந்திருந்தது. நொண்டும் கோழிகள் மருந்துத் தீவனத்தை அதிகம் தேர்ந்தெடுத்தன, நொண்டல் கடுமையாகக் கடுமையாக அதிகம் தின்றன, நடையும் சீரானது. வலி இருக்கிறது, அது குறைவதை அந்தப் பறவையே நாடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இதிலிருந்து நம் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாம் என்ற முடிவுக்குப் போகக் கூடாது. அளவும் மருந்தும் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டியவை. வேறொரு முடிவுக்கு வரலாம்: பிழைக்காது என்று உறுதியான கோழியை நாட்கணக்கில் மூலையில் விட்டுவைப்பது இரக்கமல்ல, விரைவாகத் துன்பத்தை முடிப்பதும் பராமரிப்பில் அடங்கும்.

மஞ்சளும் வெங்காயமும் பற்றிய வாதத்தை இழிவாகத் தள்ளக் கூடாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி, மஞ்சள், மிளகு, சீரகம், கீழாநெல்லி, பூண்டு போன்றவற்றைக் கொண்ட மரபு மருத்துவ முறைகளைத் தொகுத்து முறைப்படுத்தினார். பல வீடுகளில் அவை கைமருந்தாக உள்ளன. இவற்றில் சில பொருள்களுக்குக் கிருமியைத் தடுக்கும் தன்மை ஆய்வகத்தில் தென்படுவது உண்மையே. சிக்கல் பொருளில் இல்லை, பலனைக் கணக்கிடும் விதத்தில் இருக்கிறது. கொசு பரப்பும் கோழி அம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் கிளம்பி, பொருக்குக் கட்டி, தொண்டைக்குள் பரவாத வரை மூன்று நான்கு வாரத்தில் தானே உதிர்ந்துவிடும். அந்த வாரங்களில் மஞ்சள் தடவியவர், வேப்பெண்ணெய் தடவியவர், ஒன்றுமே தடவாதவர் மூவரின் கோழியும் ஏறத்தாழ ஒரே நாளில் தேறும். முதல் இருவர் மட்டும் மருந்தின் பெயரைச் சொல்வார்கள். அந்த நம்பிக்கை அப்படியே வெள்ளைக் கழிச்சலுக்கு மாறும்போதுதான் ஆபத்து. அங்கே உருண்டை ஊட்டிய மூன்று நாளில் கூட்டமே போய்விடுகிறது. அம்மைக்கு மஞ்சள் தடவுவதில் கேடில்லை. அதை நம்பித் தடுப்பு மருந்தை விட்டுவிடுவதில் கேடுண்டு.

தீவனக் கடைத் தூளின் மீதான நம்பிக்கையும் இதே கணக்குப் பிழையில் நிற்கிறது. கூடுதலாகச் சமூகக் கேடும் சேர்கிறது. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா வைரஸும் அல்ல, பாக்டீரியாவும் அல்ல. குடல் சுவரில் பெருகும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. ஈரமும் வெப்பமும் உள்ள தரையில் அதன் முட்டை ஓரிரு நாளில் தொற்றும் பக்குவம் அடையும் என்பதால் மழை மாதங்களில் தாமான் கூண்டுகளில் அது பெருகுவது இயல்பே. அதற்கான ஆம்ப்ரோலியம், ஒட்டுண்ணிக்குத் தேவையான தயமின் உயிர்ச்சத்தின் இடத்தைப் பிடித்து அதைப் பட்டினி போடுகிறது. டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் அந்த வேலையைச் செய்யாது. பெயர் தெரியாத தூளைக் கண்டபடி கொடுத்தால், மருந்து முட்டையில் இறங்கிப் பிள்ளைகளின் தட்டுக்கு வருவதோடு, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும் வளரும். மனித மருத்துவத்தில் கடைசி ஆயுதமான கொலிஸ்டினைக் கால்நடைத் தீவனத்தில் சேர்ப்பதற்கு மலேசியா 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்ததற்குக் காரணம் இந்த அச்சமே. தூளுக்கு முன் எச்சத்தைச் சோதிப்பதும், செத்த கோழியைச் சோதனைக்குக் கொடுப்பதும் கூட்டத்தைக் காக்கும் வழி. 1948-இல் தொடங்கிய கால்நடை ஆய்வுக் கழகம் ஈப்போவிலேயே இருக்கிறது. கோழி நோய்களைக் கண்டறிவதும் தடுப்பு மருந்து தயாரிப்பதும் அதன் பணிகள்.

இங்கே இரண்டு நியாயமான மறுப்புகள் எழும். ஒற்றை நோய், கூட்ட நோய் என்ற கோடு உண்மையில் அவ்வளவு தெளிவானதா? இல்லை. இளங்கோழி ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னும் நீட்டி விழுந்தால் பலர் சுளுக்கு என்பார்கள். அது மாரெக் நோயாக இருக்கலாம். இறகுத் தூசியில் பரவும் வைரஸ் அது. கோடு மங்கலாக இருக்கும் இடத்தில் எந்தப் பக்கம் தவறினால் இழப்பு குறைவு என்று பார்க்க வேண்டும். காயத்தைத் தொற்று என்று நினைத்துத் தனியே வைத்தால் ஒரு கோழிக்கு ஒரு வாரச் சங்கடம். தொற்றைக் காயம் என்று நினைத்தால் கூட்டமே போகலாம். ஆகவே சந்தேகம் வரும்போது தொற்று என்றே கொள்வது நியாயம். இரண்டாவது மறுப்பு, ஒரு கோழியின் விலையைவிட மருத்துவச் செலவு அதிகமாகாதா என்பது. அந்த ஒரு கோழிக்கு மட்டும் கணக்குப் போட்டால் ஆகும்தான். ஆனால் இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை: தீனிப்பையைத் தொடுவது, எண்ணிப் பார்ப்பது, புதுக்கோழியை 21 நாள் தனியே வைப்பது, சீக்குக் கோழிக்குக் கடைசியாகத் தீனி வைத்துக் கை கழுவுவது, செத்ததைச் சாக்கடையில் வீசாமல் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைப்பது.

செலவு வரும் ஒரே இடம் தடுப்பு மருந்து. அங்கும் சிக்கல் பணத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. நூறு கோழிக்கான குப்பியைப் பத்துக் கோழி வீடு வாங்கினால் தொண்ணூறு பங்கு வீணாகிறது. அதனாலேயே பலர் வாங்குவதில்லை. ஆனால் நாம் பார்த்ததெல்லாம் உண்மையானால், தாமானில் கூட்டம் என்பது ஒரு வீட்டுக் கோழிகள் அல்ல, ஒரு தெருவின் கோழிகள். வைரஸ் வேலிகளை மதிப்பதில்லை. நான்கு மாதத்துக்கு ஒரு ஞாயிறு மாலையில், கோழிகள் அடைந்தபின், எட்டுப் பத்து வீட்டார் சேர்ந்து ஒரே குப்பியைத் திறந்து, ஒவ்வொரு கோழியின் கண்ணிலும் ஒரு சொட்டு விட்டால் அந்தக் குப்பி ஏறத்தாழ முழுதும் தீரும். தோட்டத்து லயத்தில் இப்படிக் கூடிச் செய்யும் வேலைகள் புதிதல்ல. எந்த மருந்து, எந்த வயதில், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டால், நோய் வரும் முன்பே கூட்ட நோயின் பெரும்பகுதியைத் தெருவுக்கு வெளியே நிறுத்திவிடலாம். அதன்பிறகு கொல்லையில் சோர்ந்து நிற்கும் கோழி பெரும்பாலும் ஒற்றைக் கோழியாகவே இருக்கும். உப்புநீரும் நிழலும் பொறுமையும் அதற்குப் போதுமானதாகவும் இருக்கும்.